பொறியில் விழாத பூச்சி

— அந்தப் பக்கம் வேணாம் சார். நேத்து தண்ணி பாய்ச்சினது, வரப்பு வழுக்கும். இப்படி கெணத்தோரமா வாங்க.

— பரவால்லக்கா. அஞ்சு பொறியும் எங்கெங்க நிக்குதுன்னு எனக்குத் தெரியாதா? நான்தானே கட்டினேன்.

— கட்டினது ஆவணியில. அப்போ தொவரை மொழங்காலு ஒசரம். இப்போ தை பொறந்து பத்து நாளாச்சு, ஆளை மறைக்குது பாருங்க. நீங்க உள்ள பூந்துட்டா அப்பால உங்களைத் தேட ஒரு ஆளு வெக்கணும். ஆளுக்கு நான் எங்க போவேன்? மொதல்ல உக்காருங்க. வரட்டீ போட்டுத் தர்றேன். பாலு இல்ல.

— டீ அப்புறம் குடிக்கலாம். நாலு நாளா ஏன் போன் பண்ணலை?

— செல்லுல சார்ஜ் இல்ல சார்.

— ரிங் போச்சேக்கா. நான் போட்டுப் போட்டுப் பாத்தேன்.

— போச்சுதா?

— நேத்து ஒரு நாள்ல மட்டும் பதினோரு தபா.

— பதினோரு தபாவா! அட கடவுளே. ஆபீஸ்ல ரொம்பக் கோவமா இருக்கறாங்களா?

— கோவமெல்லாம் இல்ல. கேட்டாங்க. கீழ்பென்னாத்தூர் பக்கத்துலேர்ந்து பூச்சி எண்ணிக்கை வரலையே, என்னன்னு போய்ப் பாத்துட்டு வான்னாங்க.

— யாரு, பெரிய சாரா?

— ம்… ஆமா. பெரிய சார்தான்.

— அவரு வரைக்கும் போயிடுச்சா. சரிதான். போவட்டும். ஆமா, உங்க பச்சைப் பை எங்க? பூதக்கண்ணாடி, அட்டை, எல்லாம் கொண்டாருவீங்களே.

— ரூம்ல விட்டுட்டேன்.

— வண்டியும் புதுசா இருக்குது. மஞ்ச ஸ்கூட்டரு. இங்கிலீஷ்ல ஏதோ எழுதியிருக்குதே?

— வாடகை வண்டிக்கா. என் வண்டி சர்வீஸ்ல இருக்குது. கேள்வி கேக்க வந்தவன் நான். வாங்க, மொத பொறியைப் பாப்போம்.

— டீ குடிச்சுட்டுப் போலாமே சார்.

— வாங்கக்கா.

— வர்றேன். பாத்துக் காலு வைங்க.

— இதோ நிக்குது. மூடி வெயில்ல நல்லா வெளுத்துப் போச்சே. கட்டினப்போ மஞ்சளா இருந்துச்சு. பையை அவுருங்க, பாப்போம்.

— நீங்களே அவுருங்க சார். எனக்குக் கை வரலை.

— என்னக்கா இது, சிலந்தி வலை கட்டியிருக்குது.

— ம்.

— பையில ஒன்னும் இல்லையே. ஒரு எறக்கைகூட இல்ல. மடிப்புல தூசு படிஞ்சிருக்குது. இது நாலு நாள் தூசு இல்லக்கா.

— இல்ல சார்.

— ரெண்டாவதைப் பாப்போம்.

— வேணாம் சார். நடக்காதீங்க. அஞ்சும் அப்படித்தான் கெடக்குது.

— போன வெள்ளிக்கிழமை இருபத்தி ரெண்டு பூச்சின்னு சொன்னீங்களே.

— சொன்னேன்.

— வியாழக்கிழமை பத்தொம்பது.

— அதுவும் நான் சொன்னதுதான். வரலை சார். ஒன்னு கூட வரலை. மினி பஸ்ஸு போவும் பாருங்க, ஆறு இருவதுக்கு, அதோட நம்பரு கடைசி ரெண்டு எழுத்தைப் பாத்துக்குவேன். ரெண்டு பஸ்ஸு மாறி மாறி வரும். ஒன்னு நாப்பத்தி நாலு. அத்த பாதியாக்கி இருவத்தி ரெண்டுன்னு சொல்வேன். இன்னொன்னு பத்தொம்பது, அத்த அப்படியே சொல்லுவேன். நடுவுல நானா ஒன்னு ரெண்டு ஏத்தி எறக்கிக்குவேன். ஒரு நாளு ஜாஸ்தி, ஒரு நாளு கம்மின்னு வந்தாத்தானே நம்புவாங்க.

— எப்போலேர்ந்து இப்படி?

— கார்த்திகை தீபத்துக்கு முந்தியே.

— ரெண்டு மாசம் ஆகப்போகுது.

— ஆவுது சார். உள்ள தொங்குது பாருங்க, அந்த ரப்பர் மணி, அத்த நீங்க ஐப்பசியில மாத்தினீங்க. பொம்பளைப் பூச்சி வாசனை தடவியிருக்குது, ஆம்பளைப் பூச்சி பொண்டாட்டி இருக்கறான்னு நெனச்சு வந்து விழும், மாசம் ஒரு தபா மாத்தணும், இல்லாங்காட்டி வாசனை போயிடும்னு நீங்கதான் சொன்னீங்க. கார்த்திகைக்கு மாத்த நீங்க வரலை. மார்கழிக்கும் வரலை. வாசனை இல்லாத எடத்துக்குப் பூச்சி இன்னாத்துக்கு வரும்?

— ஸ்டாக் இல்லாம போச்சுக்கா.

— இருக்கும் சார். நான் உங்களைக் குத்தம் சொல்லலை. பொய் சொன்னது நானு.

— …

— திட்டுங்க சார். பேசாத நிக்காதீங்க. இங்க ஏற்கெனவே எல்லாம் பேசாதத்தான் நிக்குது.

— ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க? பூச்சி இல்லைன்னா இல்லைன்னு சொல்ல வேண்டியதுதானே?

— சொன்னா, 'சரிக்கா'ன்னு வெச்சிடுவீங்க. ஐப்பசியில மல்லாக்கொட்டை பிடுங்கறப்போ ரெண்டு நாளு பூச்சி இல்லைன்னேன், ஞாபகம் இருக்குதா? 'சரிக்கா'ன்னு வெச்சிட்டீங்க. பூச்சி இருக்குதுன்னாத்தான் நாலு கேள்வி கேப்பீங்க. எந்தப் பொறியில ஜாஸ்தி, எறக்கையில கருப்புப் புள்ளி இருக்குதா, பூவு எவ்வளவு விட்டிருக்குது, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு. நாலு கேள்வி சார். நாலுக்கும் நான் பதிலு சொல்லணும். அஞ்சு நிமிசம் ஓடும்.

— அந்த அஞ்சு நிமிஷத்துக்காகவா?

— மல்லாக்கொட்டை பிடுங்கி முடிஞ்சதும் ஆளுங்க போயிட்டாங்க. என் தம்பி பரசுராமனு பொண்டாட்டி புள்ளையோட ஆனியிலயே திருப்பூரு போயிட்டான். அவன் பொண்ணு மணிமொழியை நாந்தான் வளத்தேன். என்னைக் கட்டினவன் ரெண்டே வருசத்துல வேணாம்னு அனுப்பிட்டான், அப்போலேர்ந்து தம்பி ஊட்லதான் இருந்தேன். மொதல்ல ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை போன் பண்ணாங்க. அப்பால கம்மியாச்சு. மாடு ஒன்னு இருந்துது, அதுகிட்ட பேசினு இருந்தேன். அத்தையும் ஒண்டி ஆளால பாத்துக்க முடியாதுன்னு பொரட்டாசியில வித்துட்டான். ஒரு நாளு மத்தியானம் எதையோ கேக்கறதுக்கு வாயைத் தொறக்கறேன், குரலு வரலை சார். தொண்டை ஒட்டிக்கினு கெடக்குது. காலையில உங்ககிட்ட பேசினதுக்கு அப்பால ஒரு வார்த்தை வெளிய வரலைன்னு அப்பத்தான் தெரிஞ்சுது.

— உக்காருங்கக்கா. வாங்க, கெணத்து மேடைக்குப் போயிடுவோம். வெயில் ஏறுது.

— நீங்க கோவப்பட்டாத் தேவல சார். இப்படி மெதுவாப் பேசினா எனக்கு பயமா இருக்குது. ஏன்னா இன்னும் ஒன்னு சொல்லணும். பூச்சியாவது போவுது, இது ஆளு சமாச்சாரம்.

— என்ன?

— பக்கத்துத் தொவரைக் கொல்லிக்கார முருகவேலு தெரியுமில்ல? பொறி கட்ட வந்தப்போ உங்களுக்கு ஏணி கொண்டாந்து குடுத்தானே, அவன்தான். காய் பிடிக்கற நேரத்துல பூச்சி எண்ணிக்கை பத்தைத் தாண்டினா சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் செல்லுல சேதி போவும்னு சொன்னீங்க இல்ல. போன வாரம் போச்சு. எல்லா செல்லுக்கும் போன் வந்து, எடுத்தா ஒரு பொம்பளைக் குரலு. 'அன்பார்ந்த விவசாயிகளே, துவரையில் காய்ப்புழு அதிகமாகியுள்ளது, உடனே மருந்து அடியுங்கள்'னு. எனக்கே வந்துது சார். என் பொய்யி எனக்கே திரும்பி வந்துது.

— ம். அப்புறம்?

— முருகவேலு அன்னிக்கே மருந்து வாங்கியாந்து அடிச்சான். மூக்குக்குத் துணிகூடக் கட்டலை. எதிர்க்காத்துல அடிச்சுட்டான். சாயந்தரம் வரப்புலயே உழுந்து கெடந்தான், வாயில நொரை. ஆம்புலன்ஸு வந்து தூக்கிகினு போச்சு. மூணு நாளு ஆஸ்பத்திரியில கெடந்தான் சார்.

— இப்போ எப்படி இருக்காரு?

— வந்துட்டான். உசுருக்கு ஒன்னுமில்ல. கை நடுங்குது. டம்ளரைப் பிடிச்சா தண்ணி சிந்துது. நான் பாக்கப் போனேன். அவன் பொண்டாட்டி வேதா எனக்குக் காபி போட்டுக் குடுத்துது. குடுத்துட்டு என்ன சொல்லுச்சு தெரியுமா? 'உங்க பொறியாலதான் முன்கூட்டியே தெரிஞ்சுது பெரீம்மா, இல்லாங்காட்டி எங்க வெள்ளாமை மொத்தமும் புழு துன்னுருக்கும்'னு சொல்லுச்சு. என் கையைப் பிடிச்சுகினு சொல்லுது. அந்தக் காபியை முழுங்கலை சார். வெளிய வந்து வேலியோரம் துப்பினேன்.

— அதனாலதான் போன் பண்ணலையா?

— எந்த வாயால பண்றது? நாலு நாளா ஆறரை மணி ஆனா செல்லைக் கையில எடுப்பேன், வெப்பேன். நீங்க கூப்புடறப்போ அது மின்னி மின்னி அடிக்கும். தலைகாணிக்கு அடியில தள்ளிட்டு வெளிய போயிடுவேன். இந்தாங்க, இத்த படிச்சுப் பாருங்க. தாலுக்காபீஸ் வாசல்ல மனு எழுதறவரு எழுதிக் குடுத்தாரு.

— மனுவா? யாருக்கு?

— படிங்களேன். சத்தமாப் படிங்க, அவரு ஒழுங்கா எழுதியிருக்கறாரான்னு நானும் கேட்டுக்கறேன்.

— 'மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு, கன்னியம்மாள் பணிவுடன் எழுதிக்கொள்வது. பொருள்: பொய் சொன்னது தொடர்பாக. ஐயா, நான் துவரைக் கொல்லையில் பூச்சி எண்ணிச் சொல்லும் பணியைச் செய்து வந்தேன். பூச்சி வராதபோதும் வந்ததாகச் சொல்லிவிட்டேன். அதை நம்பி மருந்து அடித்த முருகவேல் என்பவர் உயிருக்குப் போராடினார். இதற்கு முழுப் பொறுப்பும் நானே. என் மேல் தக்க நடவடிக்கை…' அக்கா, என்ன இது?

— திங்கக்கெழமை வேங்கிக்காலு கலெக்டராபீஸ்ல மனு வாங்குவாங்க இல்ல. அங்க போய்க் குடுத்துடறேன். மொதல்ல அங்க சொல்லிட்டு, அப்பால வேதாகிட்ட சொல்லணும்.

— இதைக் குடுக்காதீங்க.

— நீங்க பயப்படாதீங்க சார். உங்க பேரு எங்கியும் வராத பாத்துக்கினேன். அவரு கேட்டாரு, யாருகிட்ட எண்ணிக்கை சொன்னேன்னு. 'பூச்சி ஆபீசரு'ன்னு மட்டும் போடுங்கன்னுட்டேன். உங்க வேலைக்கு ஒன்னும் வராது.

— ஐயோ, அக்கா…

— இன்னா சார்? ஏன் தலையில கைய வெச்சுக்கறீங்க?

— அந்த போன் சேதி கடைசியில என்ன சொல்லுச்சு? ஞாபகம் இருக்குதா? கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க.

— ஒரு மருந்து பேரு சொல்லுச்சு. வாயில நொழையாத பேரு. அப்பால பஸ் ஸ்டாண்டு எதிர்க்க ஒரு கடையைச் சொல்லி, அங்க கெடைக்கும்னு சொல்லுச்சு.

— அரசாங்கத்துச் சேதி ஒரு கடை பேரைச் சொல்லுமாக்கா?

— சொல்லாதா?

— சொல்லாது. மருந்து வித்துத் தீரணும்னு கடைக்காரன் அனுப்பினது அது. வருஷா வருஷம் தொவரை காய் பிடிக்கற நேரத்துல அனுப்புவாங்க. பூச்சி வந்தாலும் அனுப்புவாங்க, வராட்டியும் அனுப்புவாங்க.

— நீங்க என் மனசு ஆறணும்னு சொல்றீங்க. நான் சொன்ன நம்பரைப் பாத்துட்டுத்தானே அவன் அனுப்பியிருப்பான்?

— அவன் அதைப் பாத்திருக்கவே முடியாது.

— எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?

— நீங்க சொன்னது எங்கயும் போகலைக்கா.

— எங்கியும்னா? ஆபீஸுக்குப் போச்சு இல்ல?

— ஆபீஸே இல்ல. நவம்பர் முப்பதோட திட்டம் முடிஞ்சு போச்சு. எங்க ஏழு பேரையும் அனுப்பிட்டாங்க. ரூமைப் பூட்டிட்டாங்க. என் பச்சைப் பை, பூதக்கண்ணாடி எல்லாத்தையும் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் குடுத்துட்டேன்.

— பெரிய சாரு?

— அவரு கோயம்புத்தூர் போயிட்டாரு.

— காலையில பெரிய சாரு கேட்டாருன்னீங்களே.

— யாரும் கேக்கலைக்கா. நான்தான் கேட்டேன்.

— அப்போ இந்த ரெண்டு மாசமா நான் யாருகிட்ட பேசினு இருந்தேன்?

— என்கிட்டதான்.

— நீங்க எங்க இருந்தீங்க?

— செங்கம் ரோட்டுல. ரமணாசிரமம் தாண்டி ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல ரிசப்ஷன் பாக்கறேன். அந்த ஸ்கூட்டர்கூட அங்க வாடகைக்கு விடறதுதான். நீங்க போன் பண்ற நேரத்துல நான் வாசக்கதவைத் தொறந்து சாவியெல்லாம் ஆணியில மாட்டிகிட்டு இருப்பேன்.

— நான் இன்னா பண்ணுவேன் தெரியுமா? எழுந்து பல்லு வெளக்கி, மூஞ்சி கழுவி, தலை வாரி, புடவையைச் சரியாக் கட்டிகினு அப்பால போன் போடுவேன். ஆபீஸ்ல பேசறோமேன்னு. நின்னுகினுதான் பேசுவேன். ஒரு நாளு கூட ஒக்காந்து பேசினதில்ல.

— மன்னிச்சிருங்கக்கா.

— என்னை வெச்சு வெளையாடினீங்களா?

— இல்ல. சத்தியமா இல்ல.

— ஒருத்தி ஒண்டியாக் கெடக்கறா, பொழுது போவாத எதையோ ஒளறிகினு கெடக்கறா, கேட்டுச் சிரிக்கலாம்னு…

— நான் சிரிக்கலைக்கா. இதுவரைக்கும் ஒரு நாள்கூடச் சிரிச்சதில்ல.

— பின்ன எதுக்கு எடுத்தீங்க? 'வேலை போச்சுக்கா, இனிமே கூப்புடாதீங்க'ன்னா முடிஞ்சுது. அதுக்கு எவ்வளவு நேரம் ஆவும்?

— எங்கப்பா போளூர்ல டீக்கடையில உக்காந்துகிட்டு வர்றவன் போறவன்கிட்டல்லாம் 'என் பையன் அக்ரி ஆபீசரு'ன்னு சொல்லிகிட்டு இருக்காரு. ஆபீசரும் இல்ல ஒன்னும் இல்ல, ஒப்பந்தத்துல எடுத்த ஆளு நான். அதுவும் போச்சுன்னு அவருகிட்ட இன்னும் சொல்லலை. பொங்கலுக்குக்கூட டியூட்டின்னு சொல்லிப் போகாம இருந்துட்டேன்.

— போளூரு இங்கேர்ந்து ஒரு மணி நேரம் கூட இல்லியே.

— போனா மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிருவாரு. கெஸ்ட் ஹவுஸ்ல எவனுக்கும் என் பேரு தெரியாது. 'பாஸ்'னு கூப்பிடுவாங்க. பாதிப் பேரு அதையும் கூப்பிட மாட்டாங்க. மௌன விரதம். 'நான் பேசுவதில்லை'ன்னு அட்டை எழுதிக் கழுத்துல மாட்டியிருப்பாங்க. துண்டு வேணும்னா சீட்டு, வெந்நி வரலைன்னா சீட்டு. ராத்திரி மேஜை துடைக்கறப்போ அள்ளிக் கொட்டுவேன், ஒரு கூடை சேரும்.

— பேசாத இருக்கறதுக்கா அவ்வளவு தூரத்துலேர்ந்து வர்றாங்க?

— ஏரோப்ளேன் ஏறி வர்றாங்க.

— இங்க வரச் சொல்லுங்க. இந்தக் கொல்லியில வந்து ஒக்காரட்டும். அட்டை கூட வேணாம்.

— …

— இன்னா, சிரிக்கறீங்களா? ஒரு நாளும் சிரிச்சதில்லைன்னீங்க.

— இப்போதான் முதல் தடவை.

— சரி, மேல சொல்லுங்க.

— மேல ஒன்னும் இல்லக்கா. அந்த எடத்துல ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவைதான் எனக்கு போன் வரும். எடுத்தா 'பூச்சி சார்'னு ஒரு குரல். எறக்கையில புள்ளி இருக்குதான்னு நான் கேப்பேன். படிச்சது, மூணு வருஷம் கொல்லி கொல்லியா அலைஞ்சது, எல்லாம் அந்தக் கொஞ்ச நேரம் உயிரோட இருக்கும். வெச்சதும் எவனாவது சீட்டை நீட்டுவான்.

— எண்ணிக்கையை எழுதினீங்களா, சும்மா கேட்டுட்டு வுட்டுட்டீங்களா?

— எழுதினேன். ஒரு நாள் விடாம எழுதியிருக்கேன். தேதி, எண்ணிக்கை, காத்து, பூ. நீங்க சொன்னதெல்லாம். 'கொட்டாய் ஓலை பிரிஞ்சு கெடக்குது, மேய ஆள் இல்ல'ன்னு ஒரு நாள் சொன்னீங்க, அதுகூட.

— அத்த எதுக்கு எழுதினீங்க?

— தெரியலை. எடம் இருந்துச்சு, எழுதினேன்.

— இருங்க, எனக்கு ஒன்னு தெளிவாச் சொல்லுங்க. முருகவேலு உழுந்தது என்னால இல்ல. அதானே?

— உங்களால இல்ல. நீங்க நூறு பூச்சின்னு சொல்லியிருந்தாலும் அது என் நோட்டைத் தாண்டிப் போயிருக்காது.

— அம்மாடி… ஒரு வாரமா நெஞ்சுல ஏறி ஒக்காந்துகினு இருந்துது. இருங்க, கண்ணைத் தொடச்சுக்கறேன். நீங்க அந்தாண்ட பாருங்க.

— பாக்கலை. நல்லா அழுங்க.

— அழலை. கண்ணுல தூசு. …ஆனா அவன் கை இன்னும் நடுங்குதே. அதுக்கு யாரு பதிலு சொல்றது? அந்தக் கடைக்காரனை இப்படியே வுட்டுட்டா அடுத்த வெள்ளாமைக்கும் போன் பண்ணுவான் இல்ல?

— பண்ணுவான்.

— அப்போ திங்கக்கெழமை நான் போவத்தான் போறேன்.

— போங்க. ஆனா இந்த மனு வேணாம். வேற எழுதுவோம். கடை பேரு, மருந்து பேரு, சேதி வந்த தேதி, முருகவேல் ஆஸ்பத்திரியில இருந்த சீட்டு, எல்லாம் வெச்சு நான் எழுதித் தர்றேன். வேதாவையும் கூட்டிகிட்டு வாங்க. நானும் வர்றேன்.

— நீங்களா? அங்க 'நீ யாருப்பா'ன்னு கேட்டா இன்னா சொல்வீங்க?

— வேலை முடிஞ்சு போன பூச்சிக்காரன்னு சொல்வேன்.

— போளூரு வரைக்கும் போயிடும் அந்தப் பேச்சு. உங்க ஊரு ஆளு எவனாவது கலெக்டராபீஸ்ல நிப்பான்.

— போகட்டும்க்கா. திங்கக்கிழமைக்கு முன்னாடி நானே போய்ச் சொல்லிடறேன். ஞாயித்துக்கிழமை லீவு கேக்கறேன்.

— சொல்லுங்க. அப்பன் ரெண்டு நாளைக்குத் திட்டுவாரு. திட்டறதுக்காவது ஆளு இருக்குதேன்னு நெனச்சுக்குங்க. பொங்கலன்னிக்கு இன்னா சாப்ட்டீங்க?

— ரொட்டி.

— நானும் பானை வெக்கலை. ஒருத்திக்கு எதுக்குப் பானைன்னு முந்தின நாளு சோத்தைத் தண்ணியில கரைச்சுக் குடிச்சேன். இருங்க, அடுப்பைப் பத்த வெக்கறேன். பச்சைத் தொவரைக்காய் பறிச்சு வெச்சது இருக்குது, அவிச்சுத் தர்றேன். உள்ள புழு இருந்தா சொல்லாதீங்க, சாப்புடுங்க.

— புழு இருக்குதாக்கா?

— இருக்குது. எப்பவும்போலத்தான். நூறு காயில பத்துப் பன்னெண்டு ஓட்டை. பொறிக்குள்ள பூச்சி விழலைன்னா கொல்லியில இல்லைன்னா ஆயிடுமா? அது பாட்டுக்கு வந்து முட்டை போட்டுட்டுப் போவுது. இத்த நீங்க நாலு கேள்வியில கேக்கவே இல்ல சார்.

— இனிமே சார் வேணாம். என் பேரு இளஞ்செழியன்.

— அவ்வளவு நீளமா என்னால கூப்புட முடியாது. தம்பின்னு கூப்புடறேன்.

— கூப்பிடுங்க.

— தம்பி, ஒன்னு கேக்கறேன், மறைக்காத சொல்லணும். முப்பதாந்தேதியே முடிஞ்சுதுன்னா அன்னிக்குக் காலையில நான் கூப்புட்டேனே, அப்பவே ஏன் சொல்லலை?

— சொல்லத்தான் எடுத்தேன். 'இன்னிக்கோட கடைசிக்கா, இவ்வளவு நாளும் எண்ணிச் சொன்னதுக்கு நன்றி'ன்னு ராத்திரியே மனசுக்குள்ள சொல்லிப் பாத்து வெச்சிருந்தேன். நீங்கதான் என்னைப் பேசவே விடலை. எடுத்ததும் 'சார், பதினேழு!'ன்னீங்க.

— ஆமா. அதுதான் நான் சொன்ன மொதப் பொய்யி.

— தெரியும்.

— எப்படித் தெரியும்?

— முந்தின நாள் ராத்திரி பூரா புயல் மழைக்கா. வேங்கிக்கால்ல என் ரூமுக்குள்ளயே தண்ணி வந்துடுச்சு. அந்த மழையில எந்தப் பூச்சி பறக்கும்?

— தெரிஞ்சுகினேவா அத்தினி கேள்வி கேட்டீங்க?

— பதினேழுன்னு சொன்னப்போ உங்க குரல் அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. பேச ஆள் கெடைச்ச சந்தோஷம்னு நெனச்சுகிட்டேன். அதைக் கெடுக்க மனசு வரலை.

— சந்தோசம் இல்ல தம்பி, அது பயம். நீங்க போனை எடுத்ததும் தொண்டையைக் கனைச்சீங்க. ஆனி மாசத்துல பரசு இதே கெணத்தோரம் நின்னுகினு அப்படித்தான் ஒரு தபா கனைச்சான், 'யக்கா, நாங்க திருப்பூருக்குப் போலாம்னு இருக்கறோம்'னு சொல்றதுக்கு முந்தி. அன்னிக்கு அவன் சொல்லி முடிக்கற வரைக்கும் சும்மா நின்னு கேட்டுட்டேன். அதான் உங்க வாயி தொறக்கறதுக்குள்ள பதினேழுன்னுட்டேன்.